பழைய சேலையில் புதிய பாணி கண்ட ருக்மிணி தேவி: உங்கள் பாட்டியின் பெட்டிக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

பள்ளி ஆண்டு விழாவோ கோயில் திருவிழாவோ, கெர்லிங் பக்கம் எங்கே மேடை போட்டாலும் அதில் ஒரு பரதநாட்டியம் இருக்கும். ஆடும் பிள்ளை முழங்காலை மடித்து அரைமண்டியில் நிற்கும்போது, இடுப்பிலிருந்து ஒரு விசிறி விரியும். பட்டுச் சேலையை வெட்டி, மடிப்பு மடிப்பாகத் தைத்த விசிறி. பிள்ளை நிமிர்ந்தால் அது மூடிக்கொள்ளும்.

அந்த உடை ஆயிரம் வருஷப் பழசு என்று நீங்கள் நினைத்திருக்கலாம். உண்மையில் அதற்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை. இன்று நாம் மேடையில் பார்க்கும் தைத்த நாட்டிய உடை, 1930-களில் சென்னை அடையாற்றில் ஒரு பெண் செய்த மாற்றத்திலிருந்து வளர்ந்தது. அவர் பெயர் ருக்மிணி தேவி அருண்டேல்.

நடனத்தை மேடையேற்றியவர் என்றுதான் பாடப்புத்தகம் அவரைச் சொல்லும். ஆனால் உடை விஷயத்திலும் அவர் பெரிய ஆள். அவர் தொடங்கிய நெசவுக் கூடத்தில் பிறந்த 'கலாக்ஷேத்ரா சேலை' இன்று விண்டேஜ் பிரியர்கள் தேடிப் பிடித்து வாங்கும் பொருள். பண்டல் கடையில் பழைய சட்டையைக் கிளறித் தேடுபவரா நீங்கள்? தீபாவளிக்கு அம்மாவின் கல்யாணச் சேலையை எடுத்து உடுத்தலாமா என்று யோசிப்பவரா? அப்படியென்றால் இவர் கதை உங்களுக்குத்தான்.

யார் இந்த ருக்மிணி தேவி?

1904 பிப்ரவரி 29-ஆம் தேதி மதுரையில் பிறந்தவர். நான்கு வருஷத்துக்கு ஒருமுறைதான் பிறந்தநாள்! அப்பா நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் பொறியாளர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். ஓய்வு பெற்ற பிறகு அடையாற்றில், சபையின் தலைமையகத்துக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக் குடியேறினார்.

அந்த அடையாறு ஒரு தனி உலகம். அன்னி பெசன்ட் அங்கே இருந்தார். பல நாட்டு மக்கள் வந்து போனார்கள். சாதி, மதம், நாடு எதுவும் தடையில்லை என்று பேசும் இடம் அது. அங்கேதான் ருக்மிணி, ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரைச் சந்தித்தார். 1920-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். பெண்ணுக்கு வயது 16. மாப்பிள்ளை அவரைவிட 25 வயது மூத்தவர்.

ஒரு பிராமணக் குடும்பத்துப் பெண் வெள்ளைக்காரரைக் கட்டிக்கொண்டதில் சென்னையே கொந்தளித்தது. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தை இவர் 16 வயதிலேயே தாண்டிவிட்டார். பிற்காலத்தில் என்ன ஆடுவது, என்ன உடுத்துவது என்று முடிவெடுத்தபோது அந்தப் பழக்கம் அவருக்குக் கைகொடுத்தது.

ரஷ்யப் பெண் காட்டிய திசை

1928-ல் உலகப் புகழ் பெற்ற ரஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவா பம்பாய்க்கு வந்தார். அருண்டேல் தம்பதி போய்ப் பார்த்தார்கள். பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போன கப்பலில் மூவரும் ஒன்றாகப் பயணம் செய்யும்படி அமைந்தது. நட்பு வளர்ந்தது. பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நோர்டி என்பவரிடம் ருக்மிணி பாலே கற்கத் தொடங்கினார்.

அப்போது பாவ்லோவா ஓர் ஆலோசனை சொன்னார். பாலே கற்பது நல்லதுதான், ஆனால் உன் சொந்த நாட்டுக் கலையையும் தேடிப் பார் என்பதே அதன் சாரம்.

யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டில் பெரிய பெயர் எடுத்த ஒருவரைப் பார்த்து, அவரைப் போலவே ஆகிவிட வேண்டும் என்று நினைப்பது சுலபம். நாம் எல்லோரும் செய்வதும் அதுதான். கொரிய நடிகையின் ஜாக்கெட்டைப் பார்த்து அதே ஜாக்கெட்டைத் தேடுகிறோம். ருக்மிணிக்குக் கிடைத்தது வேறு பாடம். பாவ்லோவாவிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது உடையை அல்ல, தேடும் பழக்கத்தை.

1933-ல் சென்னை மியூசிக் அகாடமியில் பந்தநல்லூர் சகோதரிகளின் சதிர் ஆட்டத்தை அவர் முதல்முறையாகப் பார்த்தார். சதிர் என்பது இன்றைய பரதநாட்டியத்தின் முந்தைய வடிவம். கோயில்களிலும் அரண்மனைகளிலும் தேவதாசிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த ஆட்டம். அந்தக் காலத்தில் அந்தப் பெண்களைச் சமூகம் ஒழுக்கம் கெட்டவர்கள் என்று ஒதுக்கி வைத்திருந்தது. 'நல்ல குடும்பத்துப் பெண்' அதைப் பார்ப்பதே குற்றம் என்று நினைத்த காலம்.

ருக்மிணி பார்த்ததோடு நிற்கவில்லை, கற்றுக்கொள்ளவும் போனார். மயிலாப்பூர் கௌரி அம்மாளும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளை முதலில் தயங்கினார், பிறகு சம்மதித்தார். 1935-ல் பிரம்மஞான சபையின் வைர விழாவில் ருக்மிணி ஆடினார். அப்போது அவருக்கு வயது 31. இன்று நம் ஊரில் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வயதில் அரங்கேற்றம் செய்கிறார்கள். எதையும் தொடங்க லேட் ஆகிவிட்டது என்று நீங்கள் நினைத்தால், இந்த எண்ணை ஒருமுறை பாருங்கள்.

மறு ஆண்டு, 1936-ல், கலாக்ஷேத்ரா பிறந்தது. ஒரு மரத்தடியில், ஒரே ஒரு மாணவியோடு தொடங்கிய பள்ளி அது.

உடையில் என்ன மாற்றினார்?

அதுவரை சதிர் ஆடிய பெண்கள் சேலை உடுத்தித்தான் ஆடினார்கள். உள்ளே பைஜாமா மாதிரி ஒரு கால்சட்டை. அதற்கு மேல் சேலையைச் சுற்றிக் கட்டுவார்கள். இசைக் கலைஞர்கள் ஆடுபவருக்குப் பின்னால் நின்று, கூடவே நகர்ந்தபடி வாசிப்பார்கள்.

ருக்மிணி இசைக் கலைஞர்களை மேடையின் ஒரு பக்கத்தில் உட்கார வைத்தார். மேடை விளக்கையும் பின்னணியையும் சீரமைத்தார். உடைக்காக அவர் போய் நின்ற இடம் கோயில் சிற்பங்கள். கல்லில் செதுக்கிய பெண்களின் இடுப்பிலும் காலிலும் துணி எப்படி ஒட்டி நிற்கிறது, மடிப்பு எந்தப் பக்கம் விழுகிறது என்று கவனித்தார். பிறகு அதைத் தையலில் கொண்டுவந்தார். அந்த வேலையில் சென்னையில் இருந்த ஓர் இத்தாலியத் தையல்காரப் பெண் அவருக்கு உதவினார். தமிழ்நாட்டுச் சிற்பம், காஞ்சிப் பட்டு, இத்தாலிய ஊசி. இந்த மூன்றும் சேர்ந்ததைத்தான் நாம் இன்று 'பாரம்பரிய உடை' என்கிறோம்!

இதே மாதிரி ஒரு கதை ஐரோப்பாவிலும் உண்டு. வெனிஸ் நகரத்தில் வாழ்ந்த மரியானோ ஃபோர்ச்சூனி என்ற வடிவமைப்பாளர், 1907 வாக்கில், பழங்காலக் கிரேக்கச் சிலை ஒன்றின் மடிப்புகளைப் பார்த்து 'டெல்ஃபோஸ்' என்ற பட்டுக் கவுனை உருவாக்கினார். இன்றைக்கு அருங்காட்சியகங்கள் அதைப் பத்திரமாக வைத்திருக்கின்றன. ஆக, பழையதைப் பார்த்துப் புதியது செய்வது நம் ஊருக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. நல்ல வடிவமைப்பாளர்கள் எங்கும் செய்கிற வேலைதான்.

கலாக்ஷேத்ரா சேலை என்றால் என்ன?

1930-களின் சென்னையைக் கொஞ்சம் கற்பனை பண்ணுங்கள். வசதியான வீடுகளில் வெளிநாட்டு ஷிஃபான், ஜார்ஜெட் சேலைகள்தான் நாகரிகம். ஆலைத் துணி மலிவாகக் கிடைத்தது. ரசாயனச் சாயம் வந்து பழைய சாய நிறங்களைத் தள்ளிவிட்டது. கையால் நெய்பவருக்கு வேலை குறைந்துகொண்டே போனது.

அந்த நேரத்தில், 1937-ல், ருக்மிணி கலாக்ஷேத்ராவில் நெசவுப் பிரிவைத் தொடங்கினார். முதல் காரணம் ரொம்ப எளிமையானது: நடனத்துக்கு நல்ல துணி வேண்டும். ஆனால் வேலை அதோடு நிற்கவில்லை. பழைய சேலைகளின் கரை, நிறம், உருவங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்து, தறியில் மீண்டும் நெய்யச் செய்தார்.

கலாக்ஷேத்ரா சேலையை எப்படி அடையாளம் காண்பது? கரை அகலமாக இருக்கும். உடலுக்கும் கரைக்கும் எதிரெதிர் நிறம்: அரக்குக்குப் பச்சை, மஞ்சளுக்குச் சிவப்பு, கறுப்புக்கு அரக்கு. கரையில் கோயில் கோபுர முனை, ருத்திராட்சம், அன்னம் மாதிரி பழைய உருவங்கள். கண்ணைப் பறிக்கும் ஜரிகை குறைவு. பல சேலைகளில் வெறும் நூல் வேலைதான்.

உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் இருக்க 'கோர்வை' என்ற முறை உதவுகிறது. சாதாரண நெசவில் ஒரே ஊடை நூல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஓடும். அதனால் உடலின் நிறம் கரையிலும் கலந்து தெரியும். கோர்வையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் தனித்தனி நாடா என மொத்தம் மூன்று. ஒவ்வொரு வரிசையிலும் உடல் நூலையும் கரை நூலையும் கோத்துப் பிணைக்க வேண்டும். இதற்குத் தறியில் நெசவாளரோடு இன்னொரு ஆளும் உட்கார வேண்டும். ஒரு சேலைக்கு இரண்டு பேர் உழைப்பு!

சரி, இதை வைத்து நீங்கள் என்ன செய்யலாம்? வீட்டில் பழைய காஞ்சிப் பட்டு இருந்தால் கரையும் உடலும் சேரும் இடத்தைப் பாருங்கள். கரையின் நிறம் கலப்பில்லாமல் சுத்தமாக இருந்து, சேரும் கோட்டில் சின்னச் சின்னப் பல் மாதிரி பிணைப்பு தெரிந்தால், அது கோர்வையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ருக்மிணி இந்தச் சேலைகளை விற்பனைக்காக மட்டும் வைக்கவில்லை. தானே உடுத்தினார். அவர் படங்களைத் தேடிப் பாருங்கள்: அகலக் கரைச் சேலை, தலை நிறையப் பூ. வெளிநாட்டுக் கணவர், உலகம் சுற்றிய வாழ்க்கை, ஆனாலும் எங்கே போனாலும் அதே தோற்றம். ஒருவரைப் பார்த்ததும் இவர் இன்னார் என்று தெரிய வேண்டுமானால், அவர் தினமும் புதிதாக உடுத்த வேண்டும் என்று அவசியமில்லை. தனக்கு எது சரி என்று தெரிந்துகொண்டு அதில் நின்றால் போதும்.

விமர்சனமே இல்லையா?

இருக்கிறது. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேவதாசிப் பெண்கள் காத்து வந்த ஆட்டத்தை ருக்மிணி எடுத்து, 'சுத்தம்' செய்து, உயர்சாதி வீடுகளுக்கு ஏற்றதாக மாற்றினார் என்று ஆய்வாளர்களும் கலைஞர்களும் இன்றுவரை கேள்வி கேட்கிறார்கள். சிருங்காரம், அதாவது காதல் உணர்வை, அவர் குறைத்து பக்தியை முன்னால் வைத்தார். அதே காலத்தில் வாழ்ந்த பெரும் நடனக் கலைஞர் தஞ்சாவூர் பாலசரஸ்வதி இதை ஏற்கவில்லை. அவர் வீணை தனம்மாளின் பேத்தி, அந்த மரபிலேயே பிறந்தவர். ஆட்டத்தில் சுத்தம் செய்ய எதுவும் இல்லை என்பது அவர் நிலைப்பாடு. புதிய தைத்த உடைக்கு மாறாமல் சேலை உடுத்தியே உலக மேடைகளில் ஆடினார்.

இதில் ஒரு விஷயம் யோசிக்க வைக்கும். மயிலாப்பூர் கௌரி அம்மாள் பாலசரஸ்வதிக்கும் கற்றுக்கொடுத்தவர், ருக்மிணிக்கும் கற்றுக்கொடுத்தவர். ஒரே ஆசிரியரிடமிருந்து இரண்டு வேறு பாதைகள் கிளம்பின. ஆனால் இன்று எத்தனை பேருக்குக் கௌரி அம்மாளைத் தெரியும்?

1947-ல் சென்னை மாகாணம் தேவதாசி முறையைத் தடை செய்தது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் கொடுமை நிற்க வேண்டும் என்று பலர் போராடிப் பெற்ற சட்டம் அது. அதே நேரத்தில், அந்தப் பெண்களின் கலை மேடையில் உயர உயர, அந்தப் பெண்களில் பலர் மேடையிலிருந்தே காணாமல் போனார்கள். ஆட்டத்துக்கு மரியாதை கிடைத்தது. ஆடி வந்தவர்களில் பலருக்கு அது கிடைக்கவில்லை.

சேலையிலும் இதே கதைதான். கலாக்ஷேத்ரா சேலை என்று சொன்னால் ருக்மிணி தேவி பெயர் வரும். தறியில் உட்கார்ந்த இரண்டு பேரின் பெயர் வராது. அதற்காக ருக்மிணி செய்தது சின்ன வேலை ஆகிவிடாது. அவர் கை வைக்காமல் போயிருந்தால் அந்தக் கரைகளில் பல மறைந்தே போயிருக்கலாம். ஆனால் பழைய அழகை எடுத்துப் போடும்போது, இது யாருடையது என்ற கேள்வியும் கூடவே வரும். அதைத் தவிர்க்க முடியாது.

பிறகு என்ன ஆனார்?

1945-ல் கணவர் காலமானார். சில ஆண்டுகளில் கலாக்ஷேத்ரா பிரம்மஞான சபையிலிருந்து பிரிந்து, திருவான்மியூரில் தனக்கென இடம் தேடிக்கொண்டது. இன்று சுமார் 100 ஏக்கர் பரப்பில் இருக்கும் அந்த வளாகம், அப்போது வெறும் மணல்வெளி.

1952-ல் அவர் இந்திய நாடாளுமன்றத்தின் மேலவைக்கு நியமிக்கப்பட்டார். அங்கே அவர் பேசியது பெரும்பாலும் வாய் பேச முடியாத உயிர்களுக்காக. 1960-ல் வந்த விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு அவர் முயற்சிதான் தொடக்கம். 1956-ல் பத்மபூஷண் விருது. 1977-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு அழைத்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1986 பிப்ரவரி 24-ல், 82-ஆவது பிறந்தநாள் நெருங்கிய நேரத்தில், சென்னையில் காலமானார். 1993-ல் இந்திய நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு கலாக்ஷேத்ராவைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆக்கியது.

அவர் பாணி நம் பக்கமும் வந்து சேர்ந்தது. கலாக்ஷேத்ராவில் படித்த நீலா சத்தியலிங்கம் 1977-ல் சிங்கப்பூரில் 'அப்சரஸ் ஆர்ட்ஸ்' தொடங்கினார். நம் நாட்டின் ரம்லி இப்ராஹிம், கலாக்ஷேத்ராவில் பயின்ற அடையாறு கே. லட்சுமணனிடம் பரதம் கற்றவர். இப்படிக் கை மாறிக் கை மாறித்தான் அந்த விசிறி கெர்லிங் மேடை வரை வந்திருக்கிறது.

இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது?

1937-ல் அடையாற்றில் தறி ஓடத் தொடங்கியபோது, உலு சிலாங்கூர் தோட்டங்களில் நம் ஆட்கள் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மறு ஆண்டே, 1938-ல், தோட்ட வேலைக்கு உதவி கொடுத்து ஆட்களை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. அதற்கு முன் கப்பல் ஏறிய பெண்கள் கொண்டு வந்தது ஒன்றிரண்டு சேலைதான். வேலைக்குப் போகும்போது பழைய துணி, நீளக் கைச் சட்டை, தலையில் ஒரு கட்டு. நல்ல சேலை பெட்டியில் இருக்கும். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வெளியே வரும்.

அந்தச் சேலைகள் எங்கே போயின? சிலது பிள்ளைக்குத் தொட்டிலானது. சிலது கிழிந்து துடைக்கும் துணியானது. பால்மரம் போய் செம்பனை வந்து, தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்து வீட்டைக் காலி பண்ணி டவுனுக்கு வந்தபோது சிலது பெட்டியோடு போனது. மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். அது பெரும்பாலும் விலை உயர்ந்த பட்டாக இருக்காது. பருத்தியாக இருக்கலாம், நைலக்ஸாக இருக்கலாம். எந்த அருங்காட்சியகமும் அதைக் கேட்டு வரப்போவதில்லை.

ருக்மிணி தேவியிடமிருந்து ஒரு வேலையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: உடுத்தும் முன் உற்றுப் பார்ப்பது. கரை எத்தனை விரல் அகலம்? எந்த நிறத்தோடு எந்த நிறம் சேர்ந்திருக்கிறது? அதில் உங்கள் கண் எதில் போய் நிற்கிறது? அந்த நிறச் சேர்க்கையை நீங்கள் ஒரு சட்டையில், ஒரு துப்பட்டாவில், ஒரு பையில் கொண்டுவரலாம். அசல் சேலையை வெட்ட வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொரு வேலையை அவர் காலம் நமக்கு மிச்சம் வைத்திருக்கிறது: பெயரைக் கேட்டு வைப்பது. இதை யார் வாங்கியது, எந்த வருஷம், எந்தக் கடையில், எந்தக் கல்யாணத்துக்கு? பாட்டி இருந்தால் பாட்டியிடம் கேளுங்கள். இல்லையென்றால் பெரியம்மா, அத்தை யாராவது நிச்சயம் சொல்வார்கள். சேலையைப் படம் எடுத்து, பதிலையும் அதோடு எழுதி வையுங்கள்.

கடைசியாகச் சில சின்ன விஷயங்கள். பட்டுச் சேலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடாதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு அது ஆகாது. பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, வேறு மடிப்பில் மடியுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக இருந்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே கிழியும். மடிப்பை மாற்றும்போது, எழுதி வைத்த சீட்டையும் மறக்காமல் உள்ளே வையுங்கள்.